அப்பா சாகும் அத்தியாயம்

தான் செத்துப்போன செய்தி சுப்புராயனுக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. செய்தி திட்டக்குடி வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் கிளம்பி, வழியில் மாலை வாங்கி, கடலூர் செம்மண்டலத்தில் அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கும்வரை மனுஷன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. நைட் ஷிப்ட் முடித்து வந்தால் போனை அணைத்துத் தலைமாட்டில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு வரை உலகத்தோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

வாசலில் ஒப்பாரி கேட்டது. எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். எதிரே மச்சான் அன்புமணி, மனைவி சவரியம்மாளின் தம்பி, கையில் பெரிய ரோஜா மாலையோடு கண் சிவந்து நின்றான். இந்த அன்புமணி பல வருஷமாக இந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை. அவன் மகள் காதுகுத்தில் சுப்புராயனை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை. சுப்புராயன் கை நனைக்காமல் எழுந்து வந்துவிட்டார். அதோடு சரி. அப்படிப்பட்டவனே மாலையோடு வந்து நிற்கிறான் என்றால் சொந்தத்தில் ஏதோ பெரிய தலை சாய்ந்துவிட்டது என்றுதான் அவருக்குப் பட்டது.

"யாரு மச்சான் போயிட்டா?" என்றார். "இரு, சட்டைய மாட்டிக்கிட்டு வந்துடுறேன்."

அன்புமணி மாலையைக் கீழே இறக்கினான். அவனுக்குப் பின்னால் மாரில் அடித்துக்கொண்டு வந்த அவன் மனைவி தங்கம்மாள், சுப்புராயனைப் பார்த்த மாத்திரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒப்பாரி பாதியில் நின்றது. வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் மறுபடி வேனிலேயே ஏறிக்கொண்டார்கள்.

"நீங்கதான் மச்சான்," என்றான் அன்புமணி. "நீங்கதான் போயிட்டீங்க."

அத்தாட்சி அவன் போனில் இருந்தது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் காலையில் சிந்துஜா அனுப்பிய குரல் பதிவு. சிந்துஜா சுப்புராயனின் ஒரே மகள், பள்ளிக்கூட டீச்சர். அன்புமணி அழுத்தியதும் அவள் குரல் வந்தது.

"மாமா, அப்பா போயிட்டாரு மாமா. டீ குடிச்சிட்டிருந்தாரு. டம்ளர வாங்கப் போறேன், கையி வுட மாட்டேங்குது மாமா..."

பெற்ற மகள் குரலில் தன் சாவைக் கேட்கிற யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்த நேரத்தில் சுப்புராயனே நம்பிவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் பதிவு அதோடு முடியவில்லை. கொஞ்ச நேரம் விம்மிய அதே குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னது: "எழில் அக்கா, ரெண்டாவது அத்தியாயத்த நீங்க சொன்ன மாதிரி வாய்விட்டுப் பேசிப் பாத்துட்டேன். இப்பவாச்சும் உண்மையா இருக்கா?"

"இத்த நீ கேக்கலியா?"

"மொத வரியிலயே அழுவ ஆரம்பிச்சிட்டோம் மச்சான். அப்புறம் யாரு கேட்டா?"

போன் போட்டுப் பார்க்காமல் இல்லை. சுப்புராயன் போன் அணைந்திருந்தது. சவரியம்மாள் போனைச் சமையலறையில் வைத்துவிட்டு முதுநகருக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். பதிப்பாளர் எழிலரசிக்கு அனுப்பவேண்டிய பதிவைக் குடும்ப குரூப்பில் போட்ட மகராசி சிந்துஜா, சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் யார் போன் எடுப்பார்கள்? எடுக்காததையே சாட்சியாக வைத்துத் திட்டக்குடி சனம் வேன் பிடித்துவிட்டது.

சவரியம்மாள் மீன் பையோடு வந்து சேர்ந்தபோது வாசலில் வேன், திருதிருவென்று முழிக்கும் தம்பி, கிரில் கம்பியில் தொங்கும் மாலை, தன் சாவுக்கு வந்தவர்களுக்கு டீ ஆற்றிக் கொடுக்கும் புருஷன். விஷயத்தைக் கேட்டு முதலில் அழுதாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் மகளைத் திட்டினாள். தங்கம்மாள் ஒரு ஜவுளிக்கடைப் பையைச் சத்தமில்லாமல் வேன் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீடு கொண்டுவரும் கோடிப் புடவை அது. புருஷன் இடுப்பில் லுங்கியோடு நடமாடும்போது அதைக் கண்ணில் காட்டலாமா? இத்தனை சனத்துக்கும் சேர்த்து மீன் குழம்பு வைப்பதாகச் சவரியம்மாள் முடிவு செய்தாள். சாவுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டுப் போன ஒரே கூட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

எல்லோரும் சிரித்தார்கள், சுப்புராயனும் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. மகள் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதுகிறாள், அதில் ஓர் அப்பா வருகிறார் என்பது அவருக்குத் தெரியும். ஷிப்டில் பாதிப் பேரிடம் "எம் பொண்ணு புக்குல நான் வரேன்" என்று சொல்லியும் வைத்திருந்தார். அந்த அப்பா இரண்டாம் அத்தியாயத்திலேயே போய்ச் சேருவார் என்று யார் கண்டது? நான் குடித்தேனா, அடித்தேனா? கதையில்கூட என்னை வைத்துக்கொள்ள இந்தப் பெண்ணுக்கு இடமில்லையா? கேட்டுவிடாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"சிதம்பரம் போறேன்," என்றார்.

"நானும் வரேன்," என்றான் அன்புமணி. "ஒருதடவ போயிட்டு வந்த ஆளு. தனியா அனுப்ப மாட்டேன்."

சிதம்பரம் மேல வீதியில், ஒரு பாத்திரக்கடை மாடியில் எழிலரசியின் பதிப்பகம். இருப்பதே ஓர் அறை, அதிலும் முக்கால் இடத்தில் புத்தகக் கட்டுகள். பஸ்ஸை விட்டு இறங்கிப் போனைப் பார்த்ததிலிருந்து சிந்துஜாவுக்கு முகத்தில் ரத்தமில்லை. அப்பா படியேறி வந்ததும் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இன்னா பாப்பா பண்ணேன்?" என்றார் சுப்புராயன்.

"நீ ஒண்ணும் பண்ணலப்பா."

"எல்லாத்தையும் பண்ணிட்டாரு, அதான் பிரச்சன," என்றாள் எழிலரசி. சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. "ஒக்காருங்க சார். மொதல்ல எழுதுன கதையில அப்பா உயிரோடதான் இருந்தாரு. பிளஸ் ஒன் அப்ளிகேஷன் அவருதான் வாங்குறாரு. பஸ்ஸுல துண்ட போட்டு சீட்டு புடிச்சிக் குடுக்குறாரு. கேலி பண்ண பையன மெரட்டிட்டு வராரு. பொண்ணு இன்னா பண்றா? ஒக்காந்து சாப்புடுறா. புள்ளைங்க படிக்கிற கதையில புள்ளை ஏதாச்சும் செய்யணும்ல? அதுக்குத்தான் இந்த மாதிரிக் கதைங்கள்ல அம்மா அப்பாவ சீக்கிரமே அனுப்பி வெச்சிடுறது."

சுப்புராயனுக்குத் தெரியும், அத்தனையும் நடந்ததுதான். அப்ளிகேஷனுக்கு வெயிலில் வரிசையில் நின்றார். ஸ்பேனரும் கையுமாகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனார். பாசத்தில் செய்ததையெல்லாம் ஒரு பொம்பளை குற்றப்பத்திரிகை மாதிரி வாசிக்கிறாளே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. அதே நேரத்தில், டீச்சராகிவிட்ட மகளுக்குப் போன வாரம்கூட பேங்க்கில் படிவத்தைத் தானே பிடுங்கி நிரப்பியதும் ஞாபகம் வந்து தொலைத்தது.

"அதுக்காக எங்க மச்சானப் போட்டுத் தள்ளுறதா?" அன்புமணி எகிறினான். "கதையில மாமன்னு ஒருத்தன் இருப்பான்ல? அவன சாவடிங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"மாமா செத்துட்டா அவ எங்க மாமா போவா?" என்றாள் சிந்துஜா. "அப்பா போனப்புறம் மாமா வூட்டுலதான வளர்றா? கடைசி வரைக்கும் மாமாதான் வராரு."

"கடைசி வரைக்குமா?" அன்புமணி சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். "மச்சான், கத ஒண்ணும் மோசமில்லன்னுதான் தோணுது."

சிந்துஜா சிரிக்கவில்லை. "ஒனக்குப் புடிக்கலன்னா சொல்லிடுப்பா," என்றாள். "மாத்திடுறேன். உசுரோட கொண்டாந்துடுறேன்."

"மாத்துனா இந்த வருஷம் புக்கு கெடையாது," என்றாள் எழிலரசி. "சாயந்தரம் அச்சுக்குப் போவணும்."

சுப்புராயன் மகளின் முகத்தைப் பார்த்தார். தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உண்மையாகவே மாற்றிவிடுவாள். தூக்கம் கெட்டு எழுதியதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நாளைக்கு அவருக்குச் சோறு போடுவாள். வேண்டாம், நான் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்ல நாக்கு துடித்தது.

"அந்த எடத்தக் காட்டு," என்றார்.

படித்தார். அப்பா சாவது இரண்டே வரி. மூன்றாவது வரியில் அந்தப் பெண் மாமா வீட்டுக்கு மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டாள்.

"இன்னாம்மா இது? ஒரு நாய் செத்தாகூட இத விட ஜாஸ்தியா எழுதுவாங்களே?"

"நல்லாக் கேளுங்க சார்," என்றாள் எழிலரசி. "எத்தினியோ தடவ திருப்பி அனுப்பிட்டேன். ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு வரியில முடிச்சிட்டு ஓடிடுறா. அதான் வாய்விட்டுப் பேசிப் பாரு, வரும்னு சொன்னேன்."

"ஏன் பாப்பா?"

சிந்துஜா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "லீவு நாள்ல நீ உள்ள தூங்குவல்லப்பா. நான் வெளிய ஒக்காந்து, நீ செத்துட்டேன்னு ஒரு வரி எழுதுவேன். ஒடனே பயம் வந்துடும். ஓடியாந்து நீ மூச்சு வுடுறியான்னு பாப்பேன். போயி இன்னொரு வரி எழுதுவேன். மறுபடி வந்து பாப்பேன். அதுக்கு மேல என்னால முடியலப்பா."

சில மாதமாகப் பகல் தூக்கத்தில் கதவு மெல்லத் திறந்து மூடுவது சுப்புராயன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஃபேனைக் குறைக்கச் சவரியம்மாள்தான் வருகிறாள் என்று நினைத்துக் கண்ணைத் திறக்காமலே எரிந்து விழுந்திருக்கிறார். இப்போது மேல வீதி மாடியில், மச்சானும் அறிமுகமில்லாத பெண்ணும் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு அழுகை வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. எதற்கு மறைக்க வேண்டும்?

"ஒக்காரு," என்றார் மகளிடம், கம்ப்யூட்டரைக் காட்டி. "எழுது. ஓடாம முழுசா எழுது. நான் இங்கயே இருக்கேன்."

நாற்காலியை அவளுக்கு எதிரில், நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சிந்துஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நிற்கும், மறுபடி கேட்கும். நைட் ஷிப்ட் உடம்பு, கண் தானாகச் சொருகியது. ஆனாலும் சுப்புராயன் தூங்கவில்லை. கண்ணை மூடிச் சாய்ந்து, அவளுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.