பதினொரு குட்டைக்கு ஒரு ஏணி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டிலும் சொல்வார்கள், ஆபீசிலும் சொல்வார்கள். ஆபீசில் எனக்கு வைத்த பெயர் மிளகாய். வைத்துவிட்டுப் போகட்டும். அந்தப் புதன்கிழமை மட்டும் என் கோபம் கடைசிவரை நின்றிருந்தால் ஒரு பெண் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.

என் வேலை சரிபார்ப்பது. விவசாயிக்கு அரசாங்கம் ஒன்று செய்து கொடுத்ததாகக் காகிதத்தில் இருந்தால், அது நிலத்திலும் இருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்க வேண்டும். போன வருடம் முழுக்கப் பண்ணைக்குட்டைகள். நிலத்தின் ஒரு மூலையில் ஆழமாகத் தோண்டி, தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் இருக்கக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்து, மழைநீரைப் பிடித்து வைப்பது. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஷீட் ஈரமானால் கால் நிற்காது. நீச்சல் தெரிந்தவர்கள் விழுந்தாலும் கரையேற முடியாது, பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதனால்தான் ஒவ்வொரு குட்டைக்கும் ஒரு கயிற்று ஏணி கட்டாயம். என் போனில் இருக்கும் படிவத்தில் பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி, ஏணி பொருத்தப்பட்டுள்ளதா என்பது. ஆம் அல்லது இல்லை போட வேண்டும். கூடவே இடமும் நேரமும் பதிந்த ஒரு படம்.

அன்றைக்குப் பதினொரு குட்டைகள். ஆபீஸ் வண்டி வழக்கம்போல் பட்டறையில் கிடந்ததால் ஒப்பந்தக்காரரின் வேனிலேயே போனேன். அந்த ஆளுக்கு எங்கள் ஆபீசில் திங்கட்கிழமை என்று பெயர். எதைக் கேட்டாலும் திங்கட்கிழமை முடிந்துவிடும் என்பார். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்ல மாட்டார்.

முதல் குட்டையில் ஏணி இருந்தது. நீல நைலான் கயிறு, மரப்படிகள், மூன்றாவது படி மட்டும் உடைந்து பச்சை வயரால் கட்டியிருந்தது. படம் எடுத்தேன். இரண்டாவதிலும் ஏணி இருந்தது. நான் நீள அகலம் அளப்பதில் இருந்தேன், கவனிக்கவில்லை. மூன்றாவதில் பச்சை வயர் கண்ணில் பட்டுவிட்டது. நான் வரப்பில் உட்கார்ந்து படிவத்தை முடிப்பதற்குள் அவருடைய ஆள் ஏணியைச் சுருட்டி வேனில் போட்டுவிடுகிறான். அடுத்த இடத்தில் நான் இறங்கி விவசாயியிடம் நான்கு வார்த்தை பேசுவதற்குள் கட்டியும் விடுகிறான்.

"என்ன, ஏணிக்கு ஊர் சுத்திக் காட்டுறீங்களா?" என்றேன்.

"அக்கா, எல்லாம் ஒரே கம்பெனி சரக்கு. ஒண்ணு மாதிரிதான் இன்னொண்ணு இருக்கும்."

"உடைஞ்ச படிக்கு வயர் கட்டியா கம்பெனில அனுப்புறாங்க?"

சிரித்தார். பிறகு வழிக்கு வந்தார். லாரி கிளம்பிவிட்டது, திங்கட்கிழமை பதினொரு ஏணியும் கட்டியாகிவிடும், ஆனால் படங்கள் இன்றைக்குள் ஏறாவிட்டால் திட்டமே காலாவதியாகிவிடும். "இந்த ஜனங்களுக்கு அப்புறம் ஒண்ணும் கிடைக்காதுக்கா. அத உங்க கையாலதான் கெடுக்கணுமா?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். வரப்பில் நின்றுகொண்டே திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். திட்டி முடித்ததும் கோபம் போய்விட்டது, என் கோபத்தின் லட்சணம் அவ்வளவுதான். இதொன்றும் புதிதும் இல்லை. படத்துக்கு முதலில் வை, பொருளைப் பிறகு வாங்கு என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் பழகிப்போன வழி. குழாய், மோட்டார், பெயர்ப்பலகை எல்லாமே ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்குப் பயணம் போயிருக்கின்றன. ஒன்பதாவது கேள்விக்குப் பதினொரு முறை 'ஆம்' போட்டேன்.

கடைசிக் குட்டையில் விவசாயியின் மனைவி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ஏணி முறுக்கிக்கொண்டு படத்தில் சரியாக விழவில்லை என்று, அவளே குனிந்து கயிற்றை நேராகப் பிடித்துக் கொடுத்தாள். படம் எடுத்து முடித்ததும் வேன் ஆள் அதைச் சுருட்டினான்.

"அத விட்டுட்டுப் போங்களேன்" என்றாள். "மோட்டார் குழாய்ல பாசி அடைச்சுக்குது. தினம் நான்தான் ஓரத்துல நின்னு எடுக்குறேன்."

"புதுசே வருதும்மா. இந்த உடைஞ்சது எதுக்கு உங்களுக்கு?" என்றார் திங்கட்கிழமை.

நான் அதற்குள் வேனில் ஏறியிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. பசி வேறு, வெயில் வேறு, வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் அவள் செத்துப்போனாள். நடுவில் இரண்டு திங்கட்கிழமைகள் வந்து போயிருந்தன. கணவன் காய்கறி மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தார், பதினொரு வயது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பாசி எடுக்கப் போனவள் வழுக்கி விழுந்திருக்கிறாள். மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஷீட்டில் சுற்றிலும் நகக்கீறல்கள் இருந்ததாகச் சொன்னார்கள். ஓர் இடத்தில் இல்லை, நான்கு பக்கமும்.

மறுநாளே மற்ற பத்துக் குட்டைகளிலும் புத்தம் புது ஏணிகள் தொங்கின. அந்தப் பத்துப் பேரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

பிறகு கோப்பைத் திறந்தார்கள். படத்தில் ஏணி பளிச்சென்று இருக்கிறது. அப்படியானால் பிறகு யார் எடுத்தது? அவள் வீட்டுக்காரன்தான் அவிழ்த்து விற்றிருப்பான் என்று ஆபீஸ் சொன்னது, போலீஸ் அதையே எழுதிக்கொண்டது. செத்தவளின் அண்ணன் அதை நம்பினார். தங்கையைப் பறிகொடுத்த மனிதர், கையில் படத்தை வேறு கொடுத்துவிட்டார்கள், நம்பாமல் என்ன செய்வார்? மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். குட்டைப் பக்கம் எட்டிப் பார்த்தாலே அம்மா அடிப்பாளாம். அதனால் அங்கே ஏணி இருந்ததா இல்லையா என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. மாமா காட்டிய படம் மட்டும்தான் தெரியும்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி காட்டினார், டீ சொன்னார்.

"நீங்க பொய் சொல்ல வேண்டாம்மா. நீங்க போன நேரத்துல ஏணி இருந்ததா, இல்லையா?"

"இருந்துச்சு சார். ஆனா அது..."

"ஆனாவ யாரும் கேக்கல. இருந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க."

என் வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. அந்த வருடத்துக்கான தாள் அவர் மேசையில்தான் கிடந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. எழுதினேன். 'நான் பார்வையிட்ட நேரத்தில் ஏணி பொருத்தப்பட்டிருந்தது.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "உண்மையத்தானே எழுதியிருக்க, அப்புறம் எதுக்கு சாப்பிடாம உக்காந்திருக்க?" என்றார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அந்த மனுஷன் ஆறுதலாகத்தான் சொன்னார்.

நான்கு நாள் மென்று விழுங்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஐந்தாம் நாள் அந்த நிலத்துக்குப் போனேன். குட்டை வற்றியிருந்தது. தண்ணீரையெல்லாம் இறைத்து வெளியே விட்டுவிட்டு, செத்தவளின் கணவர் உள்ளே நின்று அரிவாளால் ஷீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"வாங்க. இதையும் படம் எடுக்கணுமா?" என்றார்.

கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வயர், பதினொரு படம், நான் எழுதிக் கொடுத்த தாள், ஒன்றையும் விடவில்லை. அவர் கத்துவார், அரிவாளோடு வருவார் என்றுகூட நினைத்தேன். வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"கேஸ் எப்படியோ போகட்டும். உங்க ஆபீஸ்ல யாரும் என்னை நம்ப வேணாம். என் பொண்ணு நம்பினாப் போதும். நான் பேசப் போனா காதைப் பொத்திக்கிறா. படம் எடுத்தவங்க நீங்க. நீங்க வந்து சொன்னா கேப்பா."

அன்றைக்கே கிளம்பினோம். தாய்மாமன் தச்சு வேலை செய்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை, தரை முழுக்க மரத்தூள். தகப்பனார் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன். அந்தப் பெண் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பா ஏணியை எடுக்கலம்மா" என்றேன். "படம் எடுத்த உடனே நாங்களே கொண்டு போயிட்டோம். உங்க குட்டையில ஏணியே இருந்ததில்ல."

"படத்துல இருக்கே" என்றாள்.

"இருக்கு. அந்தப் படத்த நான்தான் எடுத்தேன்."

மாமன் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். என் வாக்குமூலத்தின் நகல். "இதுவும் நீங்க எழுதினதுதானே? கொண்டு போனதப் பத்தி இதுல ஒரு வார்த்தை இல்லையே."

"அப்ப எழுதல. தப்புதான்."

"அப்ப இப்ப எழுதுங்க. என் கண் முன்னாடி எழுதிக் குடுங்க."

இழைத்து வைத்திருந்த ஒரு பலகையை என் முன்னால் நகர்த்தினார். அந்தப் பெண்ணின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து, அவள் பேனாவையே வாங்கிக் கொடுத்தார். எழுதினேன். பதினொரு குட்டை, ஒரே ஏணி, யார் கொண்டுவந்தது, யார் கேட்டது, யார் கையெழுத்துப் போட்டது, எல்லாம். வேலை போய்விடும், அதற்கு மேலும் வரும் என்று தெரிந்தேதான் எழுதினேன். இதோடு தீர்ந்தது என்று மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாமன் நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு அவளிடம் நீட்டினார். அவள் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். நகலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, இரண்டின் அடியிலும் பார்த்தாள்.

"ரெண்டுலயும் ஒரே கையெழுத்து."

"ரெண்டும் நான் போட்டதுதாம்மா."

"இங்க வரச் சொன்னது எங்க அப்பாவா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கென்று பார்த்து எனக்குப் பொய் வரவில்லை. "அவர் கேட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

"ஆபீஸ்ல கேட்டாங்க, அத எழுதினீங்க. இப்ப அப்பாவும் மாமாவும் கேட்டாங்க, இத எழுதினீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். பேனாவை மூடி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். நான் அவள் பின்னால் இரண்டு அடி போனேன், மாமன் கையை நீட்டித் தடுத்தார்.

"போதுங்க" என்றார். "இந்தத் தாள நான் சேர்க்க வேண்டிய இடத்துல சேர்க்குறேன். அவளக் கூப்பிடாதீங்க. யார் சொல்லி அவள நம்ப வைக்கிறது, சொல்லுங்க."

தெருவில் இறங்கினேன். முனையில் அவள் அப்பா அதே இடத்தில் நின்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். நான் நெருங்கி வருவது தெரிந்தும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், நான் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.