கேமராவுக்கு ஒரு சமாதானம்

பசிபிக் தீவான போகன்வில்லில் சண்டை ஓய்ந்து, ஆற்றின் இக்கரையும் அக்கரையும் பன்றி வெட்டித் தின்று, ஒரே குலைப் பாக்கை மென்று, அம்பை முறித்து ஆற்றில் விட்டு ஒரு மழைக்காலம் போய்விட்டது. அம்பு முறிந்தபின் பழைய கதையை எவன் எடுத்தாலும், பகை மறுபடி உயிர்த்ததாகவே அர்த்தம். இக்கரையின் மூத்தவள் பிலோமினா, சண்டையில் செத்துப்போன தன் தம்பியின் பெயரைக்கூட அதற்குப் பிறகு உச்சரித்ததில்லை. அவள் மகன் லைனஸ் அக்கரையில் பெண் கட்டி அங்கேயே குடியேறியிருந்தான். பகை உயிர்த்தால் முதல் வெட்டு அவனுக்குத்தான்.

அமைதியை நிலைநாட்ட வந்த வெளிநாட்டுப் படையின் கேப்டன் டெர்ரிக்கு இதில் ஒரு மனக்குறை. அமைதி அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"வியாழக்கிழமை எங்க அமைச்சர் வர்றார். அவர் முன்னாடி இன்னொரு தரம் சமாதானம் ஆகிடுங்க" என்றார் பிலோமினாவிடம்.

"பெத்த பிள்ளையைத் திரும்பப் பெத்துக் காட்டச் சொல்றீங்களா, கேப்டன்?"

"சும்மா நடிப்புதாம்மா. யார் யாரைக் கொன்னாங்க, ஏன் கொன்னாங்கன்னு சுருக்கமாச் சொல்லணும். கேமராவுக்குப் புரியணுமில்ல."

படைக்காரரிடம் மறுக்க வழியில்லாமல் ஒத்திகை நடந்தது. அக்கரைத் தலைவர் போனிஃபஸ் தரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க ஆளுங்கதான் முதல்ல எங்க தோட்டத்தை எரிச்சாங்க" என்று ஆரம்பித்தார்.

"முதல்லயா?" என்றது இக்கரைக் கூட்டத்தில் ஒரு குரல்.

கேப்டன் பூரித்துப்போனார். "அருமை. இந்தக் கோபம் வியாழக்கிழமையும் இருக்கட்டும்."

அதற்குள் இருவர் வெட்டுக்கத்தி எடுக்க வீட்டுப்பக்கம் நடந்துவிட்டார்கள். லைனஸ் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் நடுவில் நின்றான்.

பிலோமினா எழுந்தாள். "சம்பந்தி, போதும். நமக்குள்ள ஒண்ணுமில்ல. ஆனா இவரு ஹெலிகாப்டர் இறங்கினப்போ என் வாழை அத்தனையும் சாய்ஞ்சுதே, அதுக்கு யாரு பன்றி வெட்டினா?"

போனிஃபஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "எங்க சமையல் கொட்டாய்க் கூரையும் பறந்துச்சே, சம்பந்தி. கேக்க நாதியில்ல."

"அப்போ ரெண்டு கரைக்கும் கேப்டனோடதான் பகை."

"பகையா? என்னோடயா?" என்றார் கேப்டன்.

"பயப்படாதீங்க தம்பி. வியாழக்கிழமையே தீர்த்துக்கலாம். பன்றி உங்களோடது."

கத்தியோடு திரும்பிய இருவரையும் வாழையிலை அறுக்க அனுப்பினாள்.

படையின் கிடங்கில் பன்றி டப்பாவில்தான் இருந்தது. அதைத் தூக்கிவந்த சிப்பாயைப் பிலோமினா பார்த்த பார்வையில், மறுநாளே உயிரோடு ஒன்று உறுமிக்கொண்டு வந்தது.

அமைச்சர் முன்னிலையில் கேப்டன் அம்பை முறித்தார். பாக்கும் சுண்ணாம்பும் மென்று தலை சுற்றி, வாயெல்லாம் சிவந்து, போனிஃபஸின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேமராக்கள் விடாமல் படமெடுத்தன.

"யாருக்கும் யாருக்கும்ப்பா சண்டை?" என்று கேட்டார் அமைச்சர்.

"அது வந்து சார், அந்த வாழைத்தோப்புல..."

பிலோமினா கேப்டனின் மணிக்கட்டை இறுக்கினாள். "பாக்கு மென்னாச்சு தம்பி. இனி அதைப் பேசினா திரும்பவும் சண்டைதான்."

கேப்டன் வாயை மூடிக்கொண்டார். லைனஸ் அக்கரைக்காரர்களோடு உட்கார்ந்து இன்னொரு துண்டு கறி கேட்டுக்கொண்டிருந்தான்.