சகலன் வீட்டு வாங்கில் ஒரு கியர்ப்பெட்டி

பெனடிக்ற் வாங்கிய ஜீப் அவரைவிடப் பத்து வயது இளையது. ஆனால் அவரைவிட மோசமாக இருமியது. ஹரோவில் அவருடைய வீட்டு வாசலில் அது வந்து நின்ற அன்று, மனைவி இம்மாகுலேற் சமையலறை ஜன்னலால் எட்டிப் பார்த்து, "இது எப்பப் போகும்?" என்று கேட்டாள்.

"இப்பவே போகும், வந்து ஏறு" என்றார் அவர்.

அவள் கேட்டது, வாசலை விட்டு எப்போது போகும் என்று.

நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு லண்டனில் புகைக் கட்டணம் கிடையாது என்பதை எங்கோ வாசித்த நாளிலிருந்துதான் பெனடிக்றுக்கு இந்த ஆசை பிடித்தது. கம்பளக் கிடங்கு ஒன்றில் மனேஜர் வேலை. மழைக்காலத்தில் சப்பாத்தில் சேறு பட்டால் வாசலில் நின்று பத்து நிமிடம் துடைப்பவர். அப்படிப்பட்டவர் வேல்ஸ் மலைகளைப் பற்றியும் ஸ்கொட்லாந்து ஆறுகளைக் கடப்பதைப் பற்றியும் கலியாண வீடுகளில் பேசத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் அந்த ஜீப் ஏறி இறங்கிய மிகக் கடினமான நிலம், பங்குக் கோயிலுக்குப் போகும் தெருவிலுள்ள வேகத்தடை.

அதே ஜீப்பைப் பார்த்து, அதே வருடத்து ஜீப் ஒன்றை அவருடைய சகலன் றொமேஷும் வாங்கினான். இம்மாகுலேற்றின் தங்கை துசியந்தியின் புருஷன். குட்மேய்ஸில் வீடு. அதோடு நிற்காமல், உதிரிப்பாகத்துக்கென்று செத்த ஜீப் இன்னொன்றையும் வாங்கிக் கழற்றிப் போட்டான். "என்னைப் பார்த்துக் கொப்பியடிக்கிறான்" என்று பெனடிக்ற் ஊரெல்லாம் சொன்னார். றொமேஷின் ஜீப் ஓடியது. அது போதுமாக இருந்தது.

கோயில் திருவிழா அன்று, பூசை முடிந்து சனமெல்லாம் வெளியே நிற்கும்போது, பெனடிக்றின் ஜீப் கார்த்தரிப்பிடத்தின் நடுவில் 'கடக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. எஞ்சின் உறுமியது, சில்லு அசையவில்லை. பதினைந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். றொமேஷும் தள்ளினான், ஒரு கையால். மற்றக் கையால் வீடியோ எடுத்தான். பின்னேரத்துக்குள் அது குடும்பத்து வட்சப் குழுவுக்கு வந்துவிட்டது. 'அண்ணையின் வேல்ஸ் பயணம் ஆரம்பம்' என்று கீழே எழுதியிருந்தான். துசியந்திகூட ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தாள்.

வெம்பிளி மெக்கானிக் ஜீப்பின் அடியில் படுத்து எழும்பி வந்து, கை துடைத்தபடி தீர்ப்புச் சொன்னார். கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கும். எஞ்சினின் வலுவை முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். ட்ரான்ஸ்பர் பெட்டி என்பார்கள். அது உடைந்துவிட்டது. புதிது இப்போது எவரும் செய்வதில்லை, பழசுதான் தேட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். அந்த வருடத்தின் நடுவில் கம்பனி உள்ளமைப்பை மாற்றியிருந்தது. மாற்றத்துக்கு முந்தியதுதான் இந்த ஜீப்புக்குப் பொருந்தும்.

பெனடிக்ற் உலகத்தைத் தேடினார். போலந்திலிருந்து ஒன்று வந்தது. இடதுபக்கம் இருந்து ஓட்டும் வண்டிக்குரியது, கைப்பிறேக் மாட்டும் இடம் மறுபக்கத்தில் இருந்தது. வேல்ஸிலிருந்து ஒன்று வந்தது. தண்டில் பற்கள் இரண்டு அதிகம். ஜீப் போக முடியாத வேல்ஸிலிருந்து பெட்டியாவது வந்து சேர்ந்ததே என்று இம்மாகுலேற் சொன்னாள். இரண்டும் இருப்பறைக்குள் தேநீர் மேசைக்குக் கீழே கிடந்தன. விருந்தாளிகள் கால் இடித்துக்கொண்டார்கள்.

"தங்கச்சியிட்டக் கேக்கட்டே? றொமேஷ் கழட்டினதில ஒண்டு சும்மா கிடக்குதாம்" என்றாள் அவள் ஒருநாள்.

"வீடியோ எடுத்தவனிட்டயோ? செத்தாலும் கேக்கமாட்டன்."

அவர் சாகவில்லை, அவள் கேட்டாள். றொமேஷ் தொலைபேசியில் தேனாய்ப் பேசினான். "அக்கா, அண்ணைக்கு எண்டால் நான் உயிரையும் குடுப்பன். ஆனால் அந்தப் பெட்டி எனக்கு ஸ்பெயாருக்கு வேணும்."

அடுத்த கிழமை, பழைய ஜீப் வைத்திருப்போரின் இணையக் குழுவில் ஒரு படம் வந்தது. கழுவித் துடைத்த ட்ரான்ஸ்பர் பெட்டி ஒன்று தோட்டத்தில் ஆட்கள் இருக்கும் மர வாங்கில் அமர்ந்திருந்தது. மாற்றத்துக்கு முந்தியது, அசல். அந்த வாங்கைப் பெனடிக்றுக்குத் தெரியும். றொமேஷ் புது வீட்டுக்குக் குடிபூர்ந்தபோது அவர் வாங்கிக் கொடுத்தது. அதில் தன் பெட்டியை இருத்திப் படம் எடுத்து ஊருக்குக் காட்டுகிறான் அவன்.

அன்றைக்கே பெனடிக்ற் அந்தக் குழுவில் 'ஜோர்ஜ்' ஆனார். அவருடைய ஞானஸ்நானப் பெயரில் ஜோர்ஜும் உண்டு என்பதால் இது பொய்யில் சேராது என்று தனக்குத் தானே பாவமன்னிப்புக் கொடுத்துக்கொண்டார். முகப்படத்துக்கு ஒரு நாயின் படத்தைப் போட்டார். வெள்ளைக்காரர் தங்கள் முகத்தைப் போடமாட்டார்கள், நாயைத்தான் போடுவார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பிறகு எழுதினார்: நான் வயதானவன், என் தகப்பனார் விட்டுப்போன ஜீப் ஓடாமல் நிற்கிறது, உங்களுடைய பெட்டியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

சொந்தக்காரர் அழைத்தால் மூன்று நாள் கழித்துப் பதில் தரும் றொமேஷ், ஜோர்ஜுக்குப் பத்து நிமிடத்தில் பதில் எழுதினான். 'மதிப்புக்குரிய ஐயா' என்றுதான் தொடங்கினான். உங்களைப் போன்ற ஒருவருக்கு உதவுவது எனக்குப் பெருமை, பணம் எதுவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்து பெட்டியையும் கொண்டு போங்கள்.

பெனடிக்ற் தொலைபேசியை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பார் இம்மா, எனக்கு ஏலாதெண்டவன், ஆரெண்டே தெரியாத வெள்ளைக்காரனுக்குச் சும்மா குடுக்கிறான்."

"உங்களுக்குத்தானே குடுக்கிறான்."

"எனக்கில்லை. ஜோர்ஜுக்கு."

புண்ணைக் கிளறும் ஆசையில் ஜோர்ஜ் இன்னொன்றும் கேட்டார்: உங்கள் உறவுக்காரர் யாருக்கும் இது தேவைப்படவில்லையா? றொமேஷ் எழுதினான்: ஒருவர் இருக்கிறார் ஐயா, ஆனால் அவருக்கு ஜீப்பும் சோபாவும் ஒன்று, உட்கார்ந்து கதை சொல்லத்தான் வேண்டும். பெனடிக்ற் எழும்பி மூன்று தரம் அறையைச் சுற்றி நடந்தார். பிறகு ஜோர்ஜாக இருந்து, 'ஹா ஹா' என்று பதில் போட்டார். ஆயுளில் அவர் பட்ட பெரிய அவமானம், தன்னைப் பற்றிய பகிடிக்குத் தானே சிரித்தது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வெள்ளைக்காரர் தேவை. பக்கத்து வீட்டு நைஜல் இருந்தார். ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர், மனைவி இறந்தபின் தனியே இருப்பவர். ஜீப்புக்கும் பேருந்துக்கும் வித்தியாசம் கேட்டால் நிறத்தைச் சொல்வார். பெனடிக்ற் இரண்டு பின்னேரம் அவருக்குப் பாடம் எடுத்தார்: உங்கள் பெயர் ஜோர்ஜ், ஜீப் தகப்பனாருடையது, அதிகம் பேச வேண்டாம், பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏதோ பிறந்தநாள் விளையாட்டு என்று நினைத்து நைஜல் தலையாட்டினார்.

பன்னிரண்டு மணிக்குப் போனவர் மாலை ஆறு மணிக்குத்தான் வந்தார். சட்டையில் நண்டுக் குழம்பு. முகத்தில் அப்படியொரு நிறைவு. பெனடிக்ற் ஓடிப்போய்க் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். பெட்டி இருந்தது, பழைய துவாயில் குழந்தைபோலச் சுற்றி. அவர் கையை நீட்டினார்.

"மன்னிக்க வேண்டும், அது என்னுடையது" என்றார் நைஜல்.

பெனடிக்றுக்கு விளங்கவில்லை.

"நான் முயற்சி செய்தேன்" என்று நைஜல் விளக்கினார். "ஆனால் அந்த அம்மா மூன்றாம் தரம் நண்டு போட்டபோது என்னால் பொய் சொல்ல முடியவில்லை. என் பெயர் நைஜல், ஜீப் பக்கத்து வீட்டுப் பெனடிக்றுடையது என்று சொல்லிவிட்டேன். றொமேஷ் நெடுநேரம் சிரித்தார். பிறகு, இந்தப் பெட்டி உங்களுக்கு என் பரிசு, ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்."

"நைஜல், உங்களிட்ட ஜீப்பே இல்லை" என்று பெனடிக்ற் ஆங்கிலத்தில் கெஞ்சினார்.

"இல்லைதான். இருந்தாலும் வாக்கு."

பெட்டி நைஜலின் தோட்டக் கொட்டிலுக்குள் போனது. பெனடிக்றின் படுக்கையறை ஜன்னலிலிருந்து கொட்டிலின் கதவு தெரியும். அவர் புல் வெட்டும்போது வேலியோரம் மெதுவாக வெட்டினார். ஒரு வைன் போத்தல் கொண்டு போனார். நைஜல் நன்றியோடு வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் பதிலுக்கு ஒரு கேக் கொண்டுவந்தார். வாக்கைப் பற்றி இருவரும் பேசவில்லை. குடும்பக் குழுவில் றொமேஷ் ஒரு நாயின் படத்தை மட்டும் போட்டான், ஒரு சொல்லும் எழுதாமல். சொந்தத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள், ஏனென்று தெரியாமலே.

வாசலை ஜீப் அடைத்து நிற்க, கார் விட இடமில்லாமல் தெருவில் விட்டு, அதற்குக் கவுன்சிலிடமிருந்து தண்டமும் வாங்கிய ஒரு காலையில் இம்மாகுலேற் முடிவு எடுத்தாள். "பெட்டி வேலிக்கு இஞ்சால வர ஏலாது, சரி. ஜீப் அங்கால போகலாம்தானே."

"என்ன சொல்லுறாய்?"

"நைஜலுக்கு வித்துப்போடுங்கோ. இல்லாட்டி நான் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவன்."

பெனடிக்ற் ஒரு கிழமை சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தார். அவள் கவனிக்கவில்லை. கடைசியில் விற்றார். சாவியைக் கொடுக்கும்போது, ஜீப் என்றால் என்ன, அதை எப்படி மதிக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். நைஜல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எரிபொருள் தாங்கியின் மூடி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

வெம்பிளி மெக்கானிக் பெட்டியை ஜீப்பில் பூட்டிக் கொடுத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த மாதமே நைஜல் வேல்ஸுக்குப் போனார். முழங்கால்வரை சேற்றோடு நின்று படம் எடுத்து இரண்டு வீட்டுக்கும் அனுப்பினார். பெனடிக்ற் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னால் இருந்த மலை அவருக்குத் தெரிந்த மலை. அதன் பெயர், உயரம், ஏறும் பாதை எல்லாம் அவர் கலியாண வீடுகளில் சொன்னவை.

தை மாதத்து ஞாயிறொன்றில் றொமேஷ் நைஜலைச் சாப்பாட்டுக்கு அழைத்தான். தனியே போகக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்லி நைஜல் அயலவரையும் ஏற்றிக்கொண்டார். இம்மாகுலேற் முன்சீற்றில். பெனடிக்ற் பின்னால், பக்கவாட்டு வாங்கில், மடியில் வட்டிலப்ப இனிப்புச் சட்டியோடு. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் சட்டியை இறுக்கிப் பிடித்தார்.

றொமேஷ் வாசலுக்கு ஓடிவந்து, முதலில் நைஜலின் கையைப் பிடித்தான். பிறகுதான் பின்னால் பார்த்தான். "அண்ணை, நீங்களும் வந்தனீங்களே. இறங்குங்கோ. ஜோர்ஜ் வரேல்லையோ?"

பெனடிக்ற் சட்டியோடு இறங்கினார். பதில் சொல்ல வாய் எடுத்தவர், நிலத்தைப் பார்த்து நின்றுவிட்டார். ஜீப்புக்கு அடியில் கரிய எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"உன்ர பெட்டி ஒழுகுது" என்றார்.

"என்ர பெட்டி ஒழுகாது. உங்கட ஜீப்பில போட்டபடியாத்தான் ஒழுகுது."

"எண்ணெயை அடைக்கிற றப்பர் சீல் பழசு. நீ பார்த்துக் குடுக்கேல்லை."

"நான் புதுச் சீல் போட்டுத்தான் குடுத்தனான். வந்து பாருங்கோ."

கோயில் திருவிழாவுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். றொமேஷ் ஒரு பழைய காட்போட் மட்டையைக் கொண்டுவந்து விரித்தான். இருவரும் படுத்து உள்ளே ஊர்ந்தார்கள். வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. பெனடிக்றின் புதுச் சப்பாத்தில் நல்ல கொழுத்த சேறு. உள்ளிருந்து ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டும் சத்தம் ஓயாமல் வந்தது.

மேசையில் நைஜல் ஏற்கெனவே நண்டை உடைக்கத் தொடங்கியிருந்தார், கையால், பழகிய கையாக. துசியந்தி கதவோரம் நின்று, "சோறு ஆறுது, அவையளைக் கூப்பிடட்டே?" என்று கேட்டாள்.

இம்மாகுலேற் வெளியே எட்டிப் பார்த்தாள். மழை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"விடு" என்றாள். "நாங்கள் சாப்பிடுவம்."