கொடி வெட்டாத மெராந்தி

ஸ்டானிஸ்லாஸ் குளியலறையில் வழுக்கி விழுந்த அதே நொடியில், புந்தோங்கில் அவருடைய வீட்டு வரிசையைச் சேர்ந்த இன்னும் ஏழு பேர் விழுந்தார்கள். சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த கனகராஜ் ஐஸ் பெட்டிக்குள் விழுந்தார். வங்கியில் நின்ற துளசி, முன்னால் நின்றவரையும் சேர்த்துக்கொண்டு விழுந்தாள். அடுத்த வீட்டு நல்லம்மாள் சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அன்று செவ்வாய்க்கிழமை, மழை இல்லை. இரண்டு நாள் கழித்து ஸ்டானிஸ்லாஸ் சாக்கடை ஓரத்தில் தடுக்கி விழுந்தபோதும் அதே ஏழு பேர் விழுந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நல்லம்மாளும். அதற்குமேல் யாரும் தரையைக் குறை சொல்லவில்லை.

கிரிக் ஊருக்குப் பக்கத்து மலைக்காட்டில் ஸ்டானிஸ்லாஸ் இருபத்திரண்டு வருடமாக மரம் அறுப்பவர். பெரிய மரத்தைச் சாய்ப்பதற்கு ஒரு வருடம் முன்பே அதில் ஏறிய கொடிகளை வெட்டிவிட வேண்டும். கொடி உச்சிக்கு உச்சி தாவி மரங்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும். காய்ந்து மக்கினால்தான் பிடி விடும். அந்த மாதம் ஒப்பந்தம் எடுத்த முதலாளியான தவுக்கே, அதற்கெல்லாம் நேரமில்லை என்றார். ஸ்டானிஸ்லாஸ் ஒரு பெரிய மெராந்தி மரத்தைக் கொடியோடு அறுத்தார். முப்பது வருடம் கழித்து வெட்டலாம் என்று வெள்ளைச் சாயம் பூசி விட்டுவைத்திருந்த ஏழு இளமரங்களையும் அது இழுத்துச் சாய்த்தது. வேர் பாதி பெயர்ந்து, பட்டை உரிந்து, சாகாமல் சாய்ந்து கிடந்தன. அவர் ரம்பத்தை அணைத்துவிட்டு அவற்றை எண்ணினார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நல்லம்மாளின் மகள் ஷர்மினி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவர் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க காட்டுலேர்ந்து வந்த வாரத்துலதான் இது ஆரம்பிச்சிச்சு. அங்க என்னா செஞ்சீங்க?"

"கொடிய வெட்டாம மரத்தச் சாச்சிட்டேன், ஏழு எளமரத்தையும் இழுத்துச்சு, கொடி இன்னும் பிடிச்சிக்கிட்டுதான் கெடக்கு. இழுக்கும்னு தெரியும்லா. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"அப்ப போயி வெட்டுங்க."

"வெட்டுனாலும் ஒடனே விடாதும்மா. ஒரு வருசம் ஆவும்."

"அது வரைக்கும் எங்கம்மா?"

"நான் விழாம இருக்கணும்."

வரிசைக்காரர்கள் அவருடைய குளியலறையில் ரப்பர் பாய் விரித்தார்கள். தேவாலயத்துக்குப் போகும்போது இருபக்கமும் ஆள் வைத்துத் தாங்கிப்போனார்கள். ஒருவரும் திட்டவில்லை, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஷர்மினி வாசலில் குறுக்கே நின்றாள்.

"அந்தச் சரிவுக்கா? விழுந்தீங்கன்னா ஏழு பேருலா!"

"போவலன்னா அடுத்த மரமும் இழுக்கும். அது எந்தத் தெரு ஆளுங்களோ."

அவள் வழி விட்டாள்.

அன்றிலிருந்து வாராவாரம் போனார். சாய்ந்த ஏழு மரங்களை விடுவித்தார், முட்டுக் கொடுத்தார். அடுத்து அறுக்கக் குறித்திருந்த மரங்களிலும் கொடிகளை வெட்டினார். தவுக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார், அப்போதும் போனார்.

நான்காம் மாதம், காலை பத்தே முக்காலுக்குப் பள்ளத்தின் விளிம்பில் ஈரமண் சரிந்து அவர் கால் நழுவியது. அதே நேரத்தில் புந்தோங்கில் நல்லம்மாள் நடைவண்டியை இறுகப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். "என்னாம்மா?" என்று ஓடிவந்தாள் ஷர்மினி. "இழுக்குதுடி. விடமாட்டேன்." கனகராஜ் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டார். துளசி பேருந்தின் கம்பியில் இரண்டு கையாலும் தொங்கினாள். மற்ற நால்வரும் கிடைத்ததைப் பிடித்தார்கள். மலையில் ஸ்டானிஸ்லாஸ் பள்ளத்துக்கு மேலே, வெறும் காற்றில், சாய்ந்தபடி நின்றார். கால் மணி நேரம் கழித்து மெதுவாக நிமிர்ந்து, மண்ணில் கால் வைத்தார்.

வருடம் முடிந்து காட்டில் கொடிகள் மக்கின. ஏழு மரங்களில் ஐந்து தளிர்த்தன, இரண்டு பட்டுப்போயின. புந்தோங்கில் பிடி விட்டதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த எட்டுப் பேரும் இப்போதும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தே நடக்கிறார்கள். முச்சந்தித் தையற்காரர் அவர்களுக்குச் சட்டை வெட்டும்போது முன்பக்கம் ஓர் அங்குலம் கூட்டி வெட்டுகிறார், கூலி அதேதான்.