கை எண்ணாத சங்கம்

எங்கள் சங்கத்தில் கை தூக்கி ஓட்டெடுக்கும் வழக்கமே கிடையாது. யூனிடேரியன் திருச்சபையின் இளைஞர் சங்கம்தான். ஆனாலும் பெரியவர்கள் உள்ளே வந்து நாட்டாமை செய்ய முடியாது. எல்லாம் நாங்களே. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒரே ஒருவன் சம்மதமில்லை என்றாலும் காரியம் அப்படியே நிற்கும். மதியத்துக்கு மக்ரோனி சமைப்பதா சூப்பா என்பதற்கே ஒரு காலைப் பொழுது முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

அந்தச் சங்கத்தைத்தான் கலைக்கச் சொன்னார்கள், 1982 பனிக்காலத்தில். பெரியவர்களுக்கு எங்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது. அவர்களும் கூட இருக்கும் புதுச் சங்கம் ஒன்று வரப்போகிறதாம். பழையதை நாங்களே எங்கள் வாயால் முடித்துவைக்க வேண்டுமாம். நல்ல நியாயம்! வூஸ்டர் நகரில் ஒரு தேவாலய ஹாலில் வட்டமாக உட்கார்ந்தோம். கூட்டத்துக்குத் தலைமை என் தலையில் விழுந்தது.

"யாருக்காவது மறுப்பு இருக்கா?"

"எனக்கு இருக்கு," என்றான் எல்வுட்.

எல்வுட்டுக்குப் பதினேழு வயது. தனக்குப் பிடிப்பது பையன்களைத்தான் என்பதை அவன் முதன்முதலில் சொன்னது இந்த வட்டத்தில்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தத் தைரியத்தில் வீட்டிலும் போய்ச் சொன்னான். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை.

"புதுச் சங்கத்துல பெரியவங்களும் வட்டத்துல உட்காருவாங்களா, கோரா?"

"உட்காருவாங்கடா," என்றேன்.

"எங்கப்பாவும்?"

அவர் சபை நிர்வாகக் குழுவில் இருப்பவர். வட்டத்தில் அவருக்கும் இடம் இருக்கும்.

"டேய், நீ மறுத்தாலும் அவங்க மூடத்தான் போறாங்க," என்றான் பிரஸ்காட். வரவுசெலவு பார்ப்பவன், எப்போதும் அவசரக்காரன்.

"மூடட்டும். நாம எதுக்கு மூடிக் குடுக்கணும்?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வெளியே பனி வலுத்துக்கொண்டிருந்தது. அழைத்துப்போக வந்த பெற்றோர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"போதும்டா உன் ரோதனை!" பிரஸ்காட் எழுந்துவிட்டான். "கையத் தூக்குங்க, எண்ணிப் பார்த்துடலாம். கலைக்கலாம்ங்கிறவங்க யாரெல்லாம்?"

"வாய மூடு பிரஸ்காட்! இங்க அந்த வழக்கம் இல்ல!"

யார் கேட்டார்கள் என் கத்தலை? ஒரு கை எழுந்தது. அப்புறம் மளமளவென்று எழுந்தன. எல்வுட் தன்னைப் பற்றிச் சொன்ன அன்று அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்களே, அவர்கள் கையும்தான்.

எல்வுட் ஒவ்வொரு கையாகப் பார்த்தான்.

"கைய இறக்குங்க," என்றான். "தயவுசெஞ்சு எல்லாரும் இறக்குங்க. கோரா, என் மறுப்ப நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"உன்னை யாரும் வற்புறுத்த முடியாதுடா. நீ விடாதே."

"இல்ல. எல்லாருமா கையத் தூக்கி ஒருத்தன ஒண்ணுமில்லாம ஆக்கினது இங்க நடந்ததே இல்ல. கடைசி நாள்ல நடக்க வேணாம். நீ திரும்பக் கேளு."

கேட்டேன். யாருக்கும் மறுப்பில்லை. பிரஸ்காட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் எல்வுட்டின் அப்பா வண்டிக்குள் காத்திருந்தார். மகன் வருவது தெரிந்தும் அவர் அவன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. முன் சீட் காலியாகத்தான் இருந்தது. எல்வுட் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டான்.