கோபோலுக்கு ஒரு கையெழுத்து

விண்ணப்பப் படிவத்தில் மூன்று பெட்டிகள் இருந்தன: ஃபோட்ரான், கோபோல் என்று இரண்டு கம்ப்யூட்டர் பாஷைகள், பிறகு கம்ப்யூட்டருக்கு ஊட்டும் துளை அட்டை அடித்தல். மூன்றாவதன் பக்கத்தில் மட்டும் ‘பெண்கள்’ என்று அச்சடித்திருந்தார்கள், யாராவது ஒருத்தி வழி தவறி மற்ற இரண்டுக்குள் நுழைந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில். ஒன்றுக்குத்தான் சரி போடலாம். இருபத்தொரு வயது நிரம்பாதவர் என்றால் பாதுகாவலரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

ஹிதாயாவுக்கு அப்போது இருபது வயது. கணிதத்தில் நல்ல புள்ளி எடுத்தும் பல்கலைக்கழக வாசலைக் கொஞ்சத்தில் தவறவிட்டவள். எழுபத்தாறாம் வருசம் கொழும்பில் ஒரு நிலையம் கம்ப்யூட்டர் படிப்பு சொல்லித்தருவதாக விளம்பரம் செய்தது. பாடம் தபாலில் வரும், மாதம் ஒரு தடவை நேரில் போய் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருந்தது. வீட்டில் இருந்தபடி தப்பித்துப் போக அவளுக்குக் கிடைத்த ஒரே கதவு அது.

செய்தி மாத்தளைக் கடைத்தெருவில் பரவியதும் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். அப்துல் ஸமத்தின் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கோபோல் ரஷ்யாக்காரன் பாஷை என்றார். இன்னொருவர், அரசாங்கம் மாறினால் அதுவும் மாறும், ஃபோட்ரான்தான் பாதுகாப்பு என்று சத்தியம் செய்தார். இரண்டையும் கண்ணால் கண்டவர் ஒருத்தரும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மாமா ஜவாஹிர் மட்டும் பகடி பேசவில்லை. அவர் உம்மாவின் தம்பி, கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில், அதாவது மாவட்ட அலுவலகத்தில், கிளார்க். வாப்பா மௌத்தாகி வீட்டில் ஆண் துணை இல்லாமல் போன நாளிலிருந்து அந்த வீட்டுக்குப் பாதுகாவலர் அவர்தான்.

“துளை அட்டைக்குச் சரி போடு மகள்,” என்றார். “அதுக்கு விரல் போதும். பாஷை வேணாம். நான் இங்கிலீசுல படிச்சுத்தான் கச்சேரிக்குப் போனேன். போயி அஞ்சாறு வருசத்துல, சிங்களம் இல்லாட்டி பதவி உசர ஏலாதுன்னாங்க. முப்பத்தஞ்சு வயசுல, மீசை முளைக்காத பயலுகளோட குந்தி சோதனை எழுதினேன். ரெண்டு தடவ பெயில். இவனுங்க பாஷையை நம்பிப் படிக்காதே. மாத்திப்போடுவானுங்க.”

சூடு கண்ட பூனை. அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் ஹிதாயாவால் அதைத் தூக்கி எறியவும் முடியவில்லை. மறுநாளே பொது வாசிகசாலைக்குப் போனாள். ஐந்து மாதப் பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு வேலை விளம்பரங்களைக் குறித்தாள். ஃபோட்ரான் தெரிந்தவர் தேவை என்று இரண்டு இடம், கோபோலுக்கு ஏழு. துளை அட்டை அடிக்கப் பத்தொன்பது.

“பாத்தியா!” என்று மாமா துள்ளினார். “நீயே எண்ணிட்டு வந்திருக்கே!”

“அந்தப் பத்தொன்பதும் மூணே மூணு கந்தோர் மாமா. மாசத்துக்கு மாசம் அதே கந்தோருங்கதான் கேக்குறாங்க. ஆள் நிக்காத இடத்துக்குத்தானே அடிக்கடி ஆள் தேடுவாங்க? கோபோல் ஏழும் ஏழு இடம். ஃபோட்ரான் என்ஜினியர்மாருக்கு. என்னைய என்ஜினியராகத்தான் விடல்லியே. சம்பளப் பட்டியலும் சாமான் கணக்கும் இல்லாத கந்தோர் உண்டா? அதுக்குத்தான் கோபோல்.”

“ஏழு இடத்துலயும் ஆம்பிளைகளத்தான் எடுப்பாங்க.”

“எடுக்க மாட்டோம்னு என் மூஞ்சிய பாத்துச் சொல்லட்டும். நானா ஒதுங்கிக் கொடுக்க மாட்டேன்.”

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. துளை அட்டை என்றால் கையெழுத்து, இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் மாமாவும் மருமகளும் ஒரே இரத்தம்.

அதுவரை மிளகு புடைத்துக்கொண்டிருந்த உம்மா ஸைனம்பு கையைத் துடைத்தாள். “பாதுகாவலர்னா யாரு? பெத்தவ இல்லியா?” என்று கேட்டுப் பேனாவை வாங்கினாள். சிறுவயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் அவள் படித்தது அரபுத்தமிழ். அரபு எழுத்தில் தமிழை எழுதுவது. கடிதம், மருந்துக் குறிப்பு எல்லாம் அதில்தான். அச்சுத் தமிழ் தெரியாததால் ஊர் அவளை எழுத்தறியாதவள் என்று எழுதி வைத்திருந்தது. ஹிதாயா கோபோலுக்குச் சரி போட, உம்மா கீழே தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

மூன்று வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. பாதுகாவலரின் கையொப்பத்தை வாசிக்க முடியவில்லையாம். அரச உத்தியோகத்தர் ஒருவர் உறுதிப்படுத்தி வருகிற திங்களுக்குள் அனுப்ப வேண்டுமாம், தவறினால் இடம் வேறொருவருக்கு. அன்று வெள்ளி. ஹிதாயா கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில் அழுதாள்.

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டாள். “எந்திரி. ஜும்ஆத் தொழுகைக்கு முந்திப் போயிடலாம்.”

வாழ்நாளில் கச்சேரிப் படி மிதிக்காதவள், நேரே தம்பியின் மேசைக்குப் போய் நின்றாள். சுற்றி இருந்தவர்கள் பேனாவை நிறுத்தினார்கள். மாமா எழுந்தார். “தாத்தா, இங்கயா வருவாங்க?” எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள்.

“இது என் எழுத்தா இல்லியான்னு சொல்லு,” என்று உம்மா படிவத்தை வைத்தாள்.

மாமா கடிதத்தைப் படித்தார். “நான் அப்பவே சொன்னேனே. இந்த எழுத்த எவன் மதிக்கப்போறான்? சரி, இவனுங்க சேத்துக்கிட்டாலும், நாளைக்கு இந்தக் கோபோலையே வேணாம்னுட்டா புள்ள என்ன செய்யும்?”

“அடுத்ததப் படிப்பேன்,” என்றாள் ஹிதாயா. “ஒவ்வொரு தடவையும் உங்களத் தோக்கடிச்சாங்கன்னு சொல்றீங்க மாமா. மூணு எழுத்து தெரிஞ்ச ஆளு இந்தக் கந்தோர்ல வேற யாரு இருக்கா? மாத்தினாங்க, நீங்களும் படிச்சீங்க. இன்னும் இதே கதிரையிலதான் இருக்கீங்க. அவங்களால உங்கள எழுப்ப முடிஞ்சிச்சா?”

பக்கத்து மேசையில் யாரோ இருமினார்கள். மாமா உட்கார்ந்தார். ஹிதாயாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு மேசை லாச்சியைத் திறந்து இறப்பர் முத்திரையை எடுத்தார். மேலே காண்பது தன் சகோதரியின் கையொப்பம் என்று மணி மணியான சிங்களத்தில் எழுதினார். முத்திரையை ஓங்கிக் குத்தினார். கையெழுத்து வைக்கும் இடம் வந்ததும் கை நின்றது. பதினைந்து வருசமாக அவர் சிங்களத்தில்தான் கையெழுத்து வைத்து வருகிறார். பேனாவைக் கையெழுத்துக் கோட்டின் வலது முனைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து இடப்பக்கமாக, சிறுவயதில் தன் தாத்தாவோடு ஒரே பலகையில் எழுதிப் பழகிய எழுத்தில், ஜவாஹிர் என்று எழுதினார்.

ஹிதாயா படிவத்தின் மேல் குனிந்தாள். “மாமா! இதையும் வாசிக்க ஏலான்னு திருப்பி அனுப்பினா?”

மாமா மை காய ஊதினார். உம்மாதான் படிவத்தை எடுத்து மடித்தாள்.

“அனுப்பட்டுமே. முத்திரை அவங்களோடதுதானே, அத வாசிக்கட்டும். மிச்சத்த அந்த மெசின்கிட்ட குடுக்கச் சொல்லு. அதுக்கும் தெரியலன்னா, நானே கொழும்புக்குப் போயி வாசிச்சுக் காட்டுறேன்.”