அவள் வண்டியின் சத்தம்

அண்ணனூர் ரயில்வே கேட் பக்கத்தில் பேனர் ஏறிவிட்டது. 'தென்மண்டல சாம்பியன் ஜெகன்' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து, கூலிங்கிளாஸோடு அவன் படம். ரேஸ் என்னவோ நாளைக்குத்தான். கட்டிய பையன்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெகனும்தான். தோற்கிற உத்தேசம் அவனுக்கு இல்லை.

அந்தப் பந்தயத்தில் பத்து கார்கள். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், ஒரே டயர். அம்பத்தூர் எஸ்டேட்டில் நடத்துகிறவர்களின் ஷெட்டிலேயே எல்லா வண்டியும் நிற்கும். சீசன் ஆரம்பத்தில் சீட்டு குலுக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஈய முத்திரை. யாரும் கை வைக்க முடியாது. வண்டி ஒன்றேதான், ஓட்டுகிற ஆள்தான் வேறு. தோற்றவன் வண்டியின் மேல் பழி போட வழியே கிடையாது.

ஜெகனுக்கு அதுதான் தொண்டையில் சிக்கிய முள்.

அவனைத் தோற்கடித்துக்கொண்டிருந்தவள் பவ்யா. அம்பத்தூரில் ஐ.டி. வேலை, அண்ணனூரில் அடுக்குமாடியில் வாசம், பெற்றவர்கள் கரூர்ப் பக்கம். நேற்று வந்தவள். ஜெகன் குடும்பமோ நாலு தலைமுறையாக அண்ணனூர். தாத்தா ஏர் ஓட்டிய நிலத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. அந்த ஊர்ப் பிள்ளை, லேப்டாப் பையோடு மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிற ஒருத்தியின் பின்பக்க விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதா?

முதல் சந்தேகம் கோயம்புத்தூரில் வந்தது. அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தபோது அவள் வண்டியின் சத்தத்தைக் கேட்டான். மற்ற வண்டிகள் வளைவை விட்டு வெளியே வரும்போது ஒவ்வொரு கியருக்கும் படியேறுவது போல ஓசை மாறும். அவளுடையது அப்படியில்லை. நீளமாக ஒரே ஊளை. பிறகு சட்டென்று ஒரு பள்ளம்.

"இன்னா மாமா, அந்தப் பொண்ணு வண்டி சத்தம் கேட்டியா? நம்ம வண்டி மாரியா கீது? எஞ்சின்ல இன்னாவோ பண்ணி வச்சிகீறா."

ஜெகன் இதைச் சொன்னது மோகனிடம், அக்கா புருஷன். ஜெகனின் வண்டியைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்கும் அவன்தான். சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வராதே என்று மட்டும் சொன்னான்.

ஜெகன் முடிவுக்கு வந்துவிட்டான். புகார் எழுதிக் கொடுத்தான். எஞ்சினைப் பிரித்தார்கள், ஒன்றுமில்லை. அடுத்த ரேஸிலும் அவள் ஜெயித்தாள். மறுபடி புகார், மறுபடி எஞ்சின், மறுபடி ஒன்றுமில்லை. ஷெட் டீக்கடையில் அவளுக்குக் கேட்கிற மாதிரியே, கம்ப்யூட்டர்காரிக்குத் திருட்டுத்தனம் தண்ணி பட்ட பாடு என்றான். அவள் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, அவன் காலைத் தாண்டிப் போனாள். காலை மடக்கிக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. அது இன்னும் எரிந்தது.

ஒரு ரேஸில் அவள் பாதியில் நின்றுபோன புண்ணியத்தில், கடைசி ரேஸுக்கு வரும்போது இரண்டு பேரும் சமமான புள்ளிகளில் நின்றார்கள். நாளை யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்குப் பட்டம். அடுத்த வருஷம் தேசியப் பந்தயத்தில் இலவசமாக ஓர் இடம். வீட்டில் அப்பா வீரராகவன் முடிவாகச் சொல்லிவிட்டார்: ஜெயித்தால் ஓட்டு, தோற்றால் மண்டபத்துச் சாவியை வாங்கிக்கொண்டு உட்கார்.

அந்தச் சமயத்தில்தான் ஜெகனுக்கு மாற்று விதி ஞாபகம் வந்தது. ஒருவர் வண்டி மேல் இன்னொருவருக்குச் சந்தேகம் இருந்தால், கடைசி ரேஸுக்கு முன் வண்டியை மாற்றிக் கேட்கலாம். எதிராளி மறுக்க முடியாது. ஆனால் கேட்டு வாங்கியவன் அதற்கப்புறம் அந்த வண்டியைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அசிங்கம் என்பது எழுதாத விதி.

ஜெகன் கேட்டான். தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த கையோடு, அத்தனை பேரும் கூடியிருந்த இடத்தில், தலைமை நடுவர் ஞானசேகரனிடம் எழுதிக் கொடுத்தான். ஆத்திரம் அடங்காமல் கீழே இன்னொரு வரியும் சேர்த்தான்: ரேஸ் முடிந்ததும் அந்த வண்டியை எஞ்சின் மட்டுமல்ல, முழுசாக, எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும்.

பவ்யா அவனை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"யோசிச்சுத்தான் கேக்கறீங்களா ஜெகன்?"

"இன்னாமா, உள்ள உதறுதா?"

அவள் சாவியை மேஜையில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம், பூந்தமல்லியைத் தாண்டிய அந்தப் பந்தயத் தடத்தில் தார் கொதித்தது. பச்சை விளக்கு விழுந்ததும் ஜெகன் அம்பாகப் புறப்பட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் கால் அழுத்தியதுதான் தாமதம், கியர் கம்பி கையை உதறிக்கொண்டு வெளியே துள்ளியது. எஞ்சின் வீறிட்டது, வண்டி நகரவில்லை. மறுபடி தள்ளினான். மறுபடி துப்பியது. இடமும் வலமும் வண்டிகள் அவனைத் தாண்டிப் பறந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் அவனுடைய சொந்த வண்டி, பவ்யாவைச் சுமந்துகொண்டு.

வேறு வழியில்லாமல் இரண்டாவது கியரிலேயே கடைசி வரை இழுத்து, நேராக நான்குக்குப் போட்டான். ஹெல்மெட்டுக்குள் அந்தச் சத்தம் நிறைந்தது. நீளமாக ஒரே ஊளை. பிறகு சட்டென்று ஒரு பள்ளம்.

சீசன் முழுக்க அவன் சாட்சியாகக் காட்டிய அதே சத்தம்.

இவள் இந்த வண்டியிலா? மூன்று இல்லாத வண்டியிலா தன்னை அடித்தாள்? யோசிக்க நேரமில்லை. ஜெகன் கெட்டவனாக இருக்கலாம். கெட்ட ஓட்டுநர் இல்லை. வளைவுகளில் பிரேக்கைக் குறைத்தான், வேகத்தை விடாமல் பிடித்து நான்கில் கோத்தான். ஒவ்வொருவராகத் தாண்டினான். நடுவில் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டு தடத்தில் நிற்க, அவற்றை அகற்றும் வரை எல்லோரையும் மெதுவாக வரிசையில் ஓட்டவைத்தார்கள். அதிர்ஷ்டம் அவன் பக்கம் சாய்ந்தது. வரிசை கலைந்து சில சுற்றுகளுக்குள் அவனுக்கு முன்னால் பவ்யா மட்டும்தான்.

அப்போதுதான் அதைக் கவனித்தான். கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வரும்போது அவளிடமிருந்தும் அதே ஊளை, அதே பள்ளம். நல்ல கியர் பாக்ஸ் அவள் கையில் இருக்கிறது. கையோ பழைய வண்டியையே ஓட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டிலிருந்து நான்கு. ஒரு கணம் வண்டி தொய்கிறது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

ஜெகன் ஹெல்மெட்டுக்குள் சிரித்தான். வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்துவிட்டது. கடைசிச் சுற்றில், அதே வளைவில், அவள் தொய்கிற அந்தக் கணத்தில் உள்பக்கம் புகுந்துவிட்டால் போதும். பேனர் பொய்யாகாது.

கடைசிச் சுற்று. கொண்டை ஊசி. அவள் பம்பருக்கு ஒட்டிக்கொண்டு உள்ளே மூக்கை நுழைத்தான். இரண்டாவது கியர் ஊளையிட்டது, அவளுடையதும் அவனுடையதும் சேர்ந்து. இதோ தொய்யப் போகிறாள்.

அவள் வண்டியின் சத்தம் ஒரு படி ஏறியது. மூன்று.

கல்லெறிபட்ட காக்கை போல அவள் வண்டி அவனை விட்டுக் கிளம்பியது. ஜெகனுக்கு ரத்தம் தலைக்கேறியது. தெரிந்தே, இல்லாத மூன்றில் கியரை அடித்தான். அது அவன் கையைத் திருப்பி அடித்தது. அவன் திரும்ப நான்கைத் தேடிப் பிடிப்பதற்குள் ரேஸ் முடிவைக் காட்டும் கட்டக் கொடி அவளுக்கு ஆடிவிட்டது.

வண்டியிலிருந்து இறங்கியவன் நேராக அவளிடம் போய் நின்றான்.

"மூணு போச்சுன்னு ஏன் சொல்லல?"

பவ்யா கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினாள். "முதல் ரேஸ்லயே போயிடுச்சு. சீலை உடைச்சு சரி பண்ணா ரெண்டு ரேஸ் கடைசிலேர்ந்து கிளம்பணும். அதான் அப்படியே ஓட்டினேன். ஊரெல்லாம் புகார் எழுதுனீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா சொல்லி இருப்பியா?"

"மாட்டேன்," என்றாள்.

ஜெகன் நடுவர் மேஜைக்குப் போனான். இரண்டாவது இடம் என்றாலும் போகட்டும், விஷயம் இங்கேயே புதைந்துவிட வேண்டும். வண்டியைப் பிரிக்க வேண்டாம், தனக்குத் திருப்தி, புகார் எதுவும் இல்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். சார் என்று இரண்டு தடவை சேர்த்துக்கொண்டான்.

ஞானசேகரன் கண்ணாடியை மேலே தள்ளினார். "எல்லார் முன்னாலயும், முழுசா. நீங்க எழுதினதுதானே ஜெகன்? அதை நான் கிழிச்சுப் போட முடியாது."

கூட்டம் வட்டமாகக் கூடியது. ஈய முத்திரை உடைந்தது. எஞ்சினில் ஒன்றுமில்லை. பிறகு கியர் பாக்ஸைத் திறந்தார்கள். ஆய்வாளர் கருத்த எண்ணெய்க்குள் கை விட்டு ஒரு சக்கரத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். பற்கள் கிழவன் வாய் போல மழுங்கி, பாதி இல்லாமலே போயிருந்தன. எந்தக் கியர் என்று அவர் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஜெகன் சட்டையைப் பிடித்திருப்பான். சக்கரம் கை மாறிக் கை மாறிப் போனது. வாங்கியவர்கள் எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார்கள்; பிறகு அவனைப் பார்த்தார்கள். பவ்யா அங்கே இல்லை. கோப்பை கொடுக்கிற மேடைக்குப் போய்விட்டிருந்தாள்.

மோகன் கைக்கு வந்ததும் அவன் மிச்சமிருந்த பற்களை எண்ணிப் பார்த்தான்.

"இத்த வச்சிகினா மச்சான் அந்தப் பொண்ணு உன்ன சீசன் பூரா அடிச்சுது?"

பையில் போன் அதிர்ந்தது. ரயில்வே கேட் பையன்கள். பட்டாசைக் கொளுத்தலாமா என்று கேட்பார்கள். ஜெகன் எடுக்கவில்லை. எடுக்கக் கை காலியாக இல்லை. மோகன் அந்தச் சக்கரத்தை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பேனரை அவிழ்க்கச் சொல்லப் போயிருந்தான். சக்கரத்துக்கு இன்னும் சூடு ஆறவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கீழே போடவும் முடியவில்லை.